உனக்கென வைத்த தட்டு

மார்ச் 4

அண்ணாவுக்கு,

தொண்டையில் போட்ட தையலைப் பிரித்துவிட்டார்கள் என்று அண்ணி போனில் சொன்னார். இனி உனக்குப் பழைய குரல் வராது என்றும் சொன்னார். வாய் ஜாலத்தில் எத்தனை பேரைக் கவிழ்த்திருக்கிறாய், கொஞ்ச நாள் சும்மா இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இதையும் எழுதாவிட்டால் கல்நெஞ்சுக்காரி என்பாய்.

பேச முடியாதவனோடு போனில் என்ன பேசுவது? அதனால்தான் கடிதம். நீ பேனா பிடித்தே பிழைத்தவன், பதில் போட உனக்கு நோகாது.

ஒரு காரியம் கேட்கத்தான் எழுதுகிறேன். எங்கள் இல்லத்துக்கு இது பத்தாவது வருடம். முப்பத்திரண்டு கட்டில். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று ஆஸ்பத்திரிகள் அனுப்பிவைத்தவர்களை நாங்கள் கடைசிவரை பார்த்துக்கொள்கிறோம். பத்தாவது வருடத்துக்கு ஒரு சிறு புத்தகம் போடுகிறார்கள். தலைமை நர்ஸ் நான் என்பதால் எனக்கு நான்கு பக்கம். எதைப் பற்றி எழுதுவேன் என்று எல்லாருக்கும் தெரியும். உன் பாட்டைப் பற்றித்தான்.

வாரா வாரம் பிரார்த்தனைக் கூடத்தில் அதைப் பாடி, அர்த்தமும் சொல்கிறேன். சினிமாப் பாட்டைப் போய்ப் பிரார்த்தனையில் பாடுவதா என்று முதலில் முகம் சுளித்தவர்கள்தான் இப்போது முன் வரிசையில் உட்கார்கிறார்கள். பஸ்ஸிலும் சலூனிலும் கல்யாண வீட்டிலும் அந்தப் பாட்டை ஆயிரம் தடவை கேட்டிருக்கிறார்கள், ஒரு தடவையும் காதில் விழுந்ததில்லை என்கிறார்கள்.

"உனக்கென வைத்த தட்டில் ஊர் உண்டு போகட்டும், உன் பசி எங்கோ தீர்ந்ததென்று உள்ளம் ஆறட்டும்." இந்த இரண்டு வரியை எழுதும்போது உன் மனதில் என்ன இருந்தது? ஐந்து வரி எழுதி அனுப்பு. என் நான்கு பக்கத்துக்கு முன்னால் அதைப் போடுகிறேன்.

இன்னொரு விஷயம். அண்ணி வழியாக உன் காதுக்கு வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். எங்கள் பார்மசிஸ்ட் என்னைக் கல்யாணத்துக்குக் கேட்டார். மனைவி இறந்து ஆறு வருடம், பிள்ளைகள் இல்லை. சத்தமே வராமல் சிரிப்பார், தோள் மட்டும் குலுங்கும். மத்தியானம் நான் எப்போதும் இரண்டு தட்டு வைப்பது உனக்குத் தெரியும். இல்லத்தில் என் பெயரே "ரெண்டு தட்டு சிஸ்டர்" தான். இரண்டாவது தட்டில் கட்டிலுக்குத் துணையாக வந்தவர்கள், காவல்காரர், குழாய் ரிப்பேர் செய்ய வந்தவர் என்று யாராவது உட்கார்ந்துவிடுவார்கள். இவரும் பல நாள் உட்கார்ந்திருக்கிறார். போன வாரம் சாப்பிட்டு முடித்துக் கை கழுவாமலே, "இந்தத் தட்டு எனக்கே எனக்குன்னு ஆகக் கூடாதா?" என்று கேட்டார்.

அது வேறொருத்தருக்கு வைத்தது, நீங்கள் விருந்தாளி என்று சொல்லிவிட்டேன். அவருக்கு ஏப்ரல் முப்பதோடு வேறு கிளைக்கு மாற்றல். நல்ல மனிதர்தான். ஆனால் ரோடு ரோலர் ஓட்ட வெளியூர் போன என் வீட்டுக்காரர் திரும்பாமல் பதிமூன்று வருடம் ஆனாலும் நான் அவர் மனைவிதானே? எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும் என்று தினமும் சொல்கிறேன். அதைச் சொல்லக் கற்றுக்கொடுத்ததே உன் பாட்டு. உன்னிடம் எதற்கு விளக்கம்?

மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அப்புறம் போடு. முன்னால் போட்டால் வயிறு எரியும்.

உன் தங்கை

*

மார்ச் 15

வாலுக்கு,

உனக்கு நாற்பத்திரண்டு வயதாகிவிட்டது, இனியாவது வேறு மாதிரி கூப்பிடு என்கிறாள் உன் அண்ணி. நான் சிலேட்டில் "முடியாது" என்று எழுதிக் காட்டினேன். இந்த வீட்டில் இப்போது எனக்கும் அவளுக்கும் இடையில் ஒரு சிலேட்டுதான். சண்டை போட்டால் பாதியிலேயே துடைத்துவிடுகிறாள். முப்பது வருடத்தில் அவள் ஜெயிக்கிற முதல் மாதம் இது.

தொண்டை பரவாயில்லை. காற்று வருகிறது, சத்தம் வருவதில்லை.

நீ கேட்டதற்கு வருகிறேன். நாங்கள் பாட்டு எழுதுகிற விதம் உனக்குத் தெரியாது. மெட்டு முதலில் வந்துவிடும். வார்த்தை இல்லாமல் 'தனனா தனனா' என்று யாராவது பாடிக் கொடுப்பார்கள். அந்த அளவுக்கு வார்த்தையை வெட்டித் தைக்க வேண்டும். தையல்காரன் வேலைதான். அளவு ஒருத்தர் கொடுப்பார், துணி ஒருத்தர் கொடுப்பார், போட்டுக்கொண்டு நிற்பது வேறொருத்தர். அந்தப் பாட்டும் அப்படித்தான். கடலுக்குப் போன காதலனுக்காகக் கதாநாயகி காத்திருக்கிறாள். படம் மூன்று வாரம்கூட ஓடவில்லை. பாட்டு மட்டும் எப்படியோ பிழைத்துக்கொண்டது.

அதனால் அதில் கடவுளைத் தேடாதே, தாயே. அங்கே அவர் இருந்தால், பாவம், வழி தவறி வந்திருப்பார். புத்தகத்துக்கு வேறு ஏதாவது எழுது. நோயாளிகளைத் திருப்பிப் படுக்கவைப்பதைப் பற்றி எழுது, படுக்கைப் புண் வராமல் பார்ப்பதைப் பற்றி எழுது. அதில் நீ சொல்வதற்கு நிறைய இருக்கிறது.

பார்மசிஸ்ட்டுக்குச் சரி என்று சொல். சத்தம் வராமல் சிரிக்கிறவன் எனக்குத் தோதான மச்சான். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சும்மா குலுங்கிக்கொண்டிருப்போம்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. பதினோரு வருடத்துக்கு முன்னால் அந்தப் பாட்டின் சிடியை உனக்கு அனுப்பினேன். "கேள், உனக்காக எழுதியது" என்று ஒரு துண்டுச் சீட்டும் வைத்திருந்தேன். நீ ஒரு கார்டு போட்டாய். "புரிந்தது அண்ணா" என்று இரண்டே வார்த்தை. என்ன புரிந்தது உனக்கு?

உன் அண்ணன்

*

மார்ச் 27

அண்ணாவுக்கு,

படுக்கைப் புண்ணைப் பற்றி எழுது என்கிறாய். எழுதத்தான் போகிறேன், அது மூன்றாம் பக்கத்தில் வரும். நீ கிண்டல் செய்தால் உன் பாட்டு சின்னதாகிவிடாது. தைத்தது தையல்காரனாக இருக்கலாம், உடம்பை மூடுவது சட்டைதானே? எழுதினவனுக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? பிரசவம் பார்த்தவளுக்குப் பிள்ளையின் தலையெழுத்தா தெரியும்?

என்ன புரிந்தது என்று கேட்டாய். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அண்ணிக்குக் காட்டாதே.

அப்போது நான் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தேன். என் வீட்டுக்காரரிடமிருந்து கடிதம் நின்று வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. உன்னைக் கேட்டால் "விசாரிக்கிறேன்" என்பாய். வார்டிலிருந்து இரண்டும் மூன்றுமாகத் தூக்க மாத்திரை எடுத்துவந்து முகப் பவுடர் டப்பாவில் சேர்த்துவைத்திருந்தேன். போதுமான அளவு சேர்ந்ததும் ஒரு லீவு நாளாகப் பார்த்து வைத்துக்கொண்டேன். அன்றைக்கு மத்தியானம் பழக்க தோஷத்தில் இரண்டு தட்டு எடுத்துவைத்தேன். சாகப்போகிறவள் எதற்குச் சாப்பாடு வைத்தேன் என்று கேட்காதே. கை அதன் பாட்டுக்கு வைத்தது.

அப்போது தபால்காரர் உன் பார்சலைக் கொண்டுவந்தார். சரி, அண்ணன் அனுப்பியிருக்கிறான், கேட்டுவிட்டுப் போவோம் என்று போட்டேன். அந்த இரண்டு வரி வந்தது. நிறுத்திவிட்டு மறுபடி போட்டேன். மூன்றாம் தடவை ஓடும்போது கதவைத் தட்டி ஒருத்தர் தண்ணீர் கேட்டார். மின்சார மீட்டர் பார்க்க வந்தவர். உட்காருங்கள், சாப்பிடுங்கள் என்றேன். பயந்துவிட்டார். அப்புறம் தட்டு நிறையச் சாப்பிட்டார். "வேற யாருக்கோ வச்ச மாதிரி இருக்கேம்மா" என்றார். "உங்களுக்குத்தான் வச்சேன்" என்றேன். சொன்னபோது அது பொய்யாகத் தோன்றவில்லை. அவர் போன பிறகு டப்பாவைச் சாக்கடையில் கொட்டினேன்.

எனக்குப் புரிந்தது இதுதான். ஒருவருக்கென்று வைத்த அன்பு அவர் வராததால் ஊசிப்போவதில்லை. அவர் வராதபோதுதான் அது எல்லாருக்கும் ஆகிறது. தட்டு வைப்பது நம் வேலை, அதில் யாரை உட்காரவைப்பது என்பது கடவுளின் வேலை. நான் ஊட்டினால்தான் அவர் பசி தீரும் என்று நினைத்தது என் அகம்பாவம். அவருக்கும் எங்கோ ஒருத்தர் ஒரு தட்டு வைத்திருப்பார், ஊர் பேர் தெரியாத ஒருத்தர், நான் மீட்டர்காரருக்கு வைத்ததுபோல. இதை விட்டால் வேறு எதை அன்பு என்று சொல்வது? "விழுந்த மழை மேகத்திடம் விலாசம் கேட்பதில்லை" என்று சரணத்தில் எழுதினாயே, அதைப் பாடும்போது கூடத்தில் சில பேர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

அந்த வருடமே பெரிய ஆஸ்பத்திரி வேலையை விட்டேன். இல்லம் தொடங்கியதும் முதல் ஆளாக இங்கே சேர்ந்தேன். பத்து வருடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு செத்தவர்கள் நானூறு பேருக்கு மேல் இருக்கும். ஒவ்வொருத்தரையும் என் வீட்டுக்காரர் இடத்தில் வைத்துத்தான் பார்த்துக்கொண்டேன். அதனால்தான் என்னால் முடிந்தது.

இப்போது சொல். பார்மசிஸ்ட்டை அந்தத் தட்டுக்குச் சொந்தக்காரர் ஆக்கிவிட்டால் நான் இதுவரை சொன்னதெல்லாம் என்ன ஆகும்? என் வீட்டுக்காரர் திரும்பி வர வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. என்றைக்காவது வந்தால், இடம் இருந்தது என்று தெரிந்தால் போதும்.

ஐந்து வரி கேட்டேன். மூன்று வரி எழுதினாலும் சரி.

உன் தங்கை

*

ஏப்ரல் 9

வாலுக்கு,

நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். ஐந்தாவதைக் கிழிக்கக் கூடாது என்று சிலேட்டில் எழுதி எதிரே வைத்திருக்கிறேன்.

டப்பாவைப் பற்றி எழுதாமல் இருந்திருந்தால் நான் இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருப்பேன். அதைப் படித்த பிறகு சொல்வதா, சொல்லாமல் விடுவதா என்று பத்து நாளாக வீட்டுக்குள்ளேயே நடக்கிறேன். சொன்னால் உன்னைக் காப்பாற்றியதை நானே பிடுங்கினதாகும். சொல்லாவிட்டால் மாதக் கடைசியில் அந்த மனிதர் வண்டியேறிவிடுவார், நீ ஒரு பொய்க்குத் தட்டு வைத்துக்கொண்டே கிழவியாவாய். இந்தப் பக்கம் கிணறு, அந்தப் பக்கம் குழி. எனக்குக் குரல் இருந்திருந்தால் இப்போதும் ஏதாவது பேசி மழுப்பியிருப்பேன்.

மாப்பிள்ளையை நான் பார்த்தேன். அந்தப் பாட்டு எழுதுவதற்கு ஒரு மாதம் முன்னால். வெளியூர் போகும்போது கார் டயர் பஞ்சரானது. ஒட்டுகிற கடையில் அவர் நின்றிருந்தார். இடுப்பில் ஒரு குழந்தை, ஒரு வயதிருக்கும், ஒரு காலில் மட்டும் சாக்ஸ். கடைக்குப் பின்னால் வீடு. வீட்டு வாசலில் ஒரு பெண் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவர் ஓடவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார். குழந்தை என் பேனாவைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டது.

"மச்சான், நான் கெட்டவன்தான். ஆனா அவளைக் காத்திருக்க வைக்கிற அளவுக்குக் கெட்டவன் இல்ல. எனக்கு எழுத கை வரல. நீங்களே சொல்லிடுங்க, இனி நான் வரமாட்டேன்னு." இதுதான் அவர் சொன்னது. சரி என்று கையில் அடித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

சொல்லத்தான் நினைத்தேன். போன் செய்வேன், "ஏதாவது தெரிஞ்சுதாண்ணா?" என்பாய். அந்தக் குரலைக் கேட்டதும் விசாரிக்கிறேன் என்று வைத்துவிடுவேன். ஒரு மாதம் இப்படியே போனது. அப்போதுதான் அந்த மெட்டு வந்தது. கதாநாயகி காத்திருக்கிறாள், நம்பிக்கையாக எழுதுங்கள் என்றார் டைரக்டர். நான் உனக்கு எழுதினேன். உன் பசி எங்கோ தீர்ந்தது என்றால் என்ன? அவனுக்குச் சோறு போட வேறொருத்தி இருக்கிறாள் என்றுதானே? ஊர் உண்டு போகட்டும் என்றால், அவன் வரமாட்டான், வைத்ததை எடுத்துவிடு என்றுதானே? விலாசம் கேட்பதில்லை என்று எழுதினது, அவன் விலாசத்தை என்னிடம் கேட்காதே என்று. டைரக்டர் படித்துவிட்டு, "என்ன சார், யாரும் வரமாட்டாங்கன்னு எழுதி வச்சிருக்கீங்க" என்று கத்தினார். சந்தோஷப்பட்டேன். இந்த ஆளுக்கே புரிகிறதென்றால் உனக்குப் புரியாமலா போகும்? சின்ன வயதில் விடுகதை போட்டால் நான் முடிப்பதற்குள் பதில் சொல்கிறவள் நீ.

உன் கார்டு வந்தது. புரிந்தது என்று எழுதியிருந்தாய். அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டேன். என் தங்கை எவ்வளவு கெட்டிக்காரி, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல் வாங்கிக்கொண்டாள் என்று நினைத்தேன்.

பதினோரு வருடமாக அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன் என்றால் அதுவும் பொய். நீ அவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஏதோ சரியில்லை என்று தோன்றும். பாதி தெரிந்துதான் இருந்தது. மீதியைத் தெரிந்துகொள்ள எனக்குத் தைரியம் இல்லை. அதனால்தான் உன் ஊருக்கு வருவதையே குறைத்துக்கொண்டேன். வேலை அதிகம் என்று சொன்னதெல்லாம் சும்மா.

என்னைத் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

அண்ணன்

*

ஏப்ரல் 16

அண்ணா,

அந்தக் குழந்தை ஆணா, பெண்ணா? அந்தப் பெண் எப்படி இருந்தாள்? அவர் மெலிந்திருந்தாரா, சதை போட்டிருந்தாரா?

இந்த மூன்றுக்கு மட்டும் பதில் எழுது. ஆறுதல் எழுதாதே. பாட்டு எழுதாதே. நேரில் வராதே.

நேற்றும் தட்டு வைத்தேன். யாரோ வந்து உட்கார்ந்தார்கள். சாப்பிட்டுப் போய்விட்டார்கள். யார் என்று நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

*

ஏப்ரல் 21

வாலுக்கு,

பெண் குழந்தை. அந்தப் பெண்ணை நான் சரியாகப் பார்க்கவில்லை, முதுகைத்தான் பார்த்தேன். மாப்பிள்ளை சதை போட்டிருந்தார்.

இதோடு நிறுத்து என்றாய். முடியவில்லை. உன் இடுப்பில் மருந்து அறைச் சாவி தொங்குகிறது என்ற நினைப்பு என்னைத் தூங்கவிடவில்லை. அதனால் உன்னைக் கேட்காமல் பார்மசிஸ்ட்டுக்கு ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். காரணம் எதுவும் எழுதவில்லை. என் தங்கையிடமிருந்து சாவியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் எழுதினேன். இதற்கும் நீ என்னைத் திட்டு.

நீ மூன்றாம் பக்கத்திலோ நான்காம் பக்கத்திலோ எழுதவிருந்தாயே, ஒருவருக்கென்று வைத்த அன்பு ஊசிப்போவதில்லை என்று. அது பொய்யில்லை. நான் பயந்தாங்கொள்ளி என்பதால் அது பொய்யாகிவிடுமா? மீட்டர்காரர் சாப்பிட்டது நிஜம். அந்த நானூறு பேர் உன் கையைப் பிடித்துக்கொண்டு போனது நிஜம். எழுதினவனுக்கு எல்லாம் தெரிந்திருக்க என்ன கட்டாயம் என்று நீதானே கேட்டாய்? எனக்குத் தெரியாமல் என் வழியாக வந்தது அது என்று வைத்துக்கொள்ளக் கூடாதா? கடவுளைத் தேடாதே என்று எழுதியதற்காக என் கையை வெட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

இந்தக் கடிதத்தோடு எட்டு வரி வைத்திருக்கிறேன். பாட்டு வேண்டாம் என்றாய், தெரியும். எனக்கு வேறு எதுவும் செய்யத் தெரியாது. பிடிக்காவிட்டால் படிக்காதே.

பார்மசிஸ்ட் போவதற்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.

அண்ணன்

*

மே 12

அண்ணாவுக்கு,

எட்டு வரியைப் படிக்காமல் இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மடிப்பைப் பார்த்தால் தெரியும்.

சாவியைப் பார்மசிஸ்ட் கேட்டார், கொடுத்தேன். எதற்கு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நீ பயப்பட வேண்டாம். அன்றைக்கு மாத்திரை சேர்த்தவளுக்கு அதற்கென்று ஒரு வேகம் இருந்தது. இவளுக்கு அதுவும் இல்லை. காலையில் எழுந்திருக்கிறேன், ஊசி போடுகிறேன், படுக்கையை மாற்றுகிறேன். கை அதன் பாட்டுக்கு வேலை செய்கிறது.

முப்பதாம் தேதி அவர் போய்விட்டார். போவதற்கு முன்னால் இன்னொரு தடவை கேட்டார். இந்தத் தடவை காரணம் சொல்ல என் வீட்டுக்காரர்கூட இல்லை. ஆனாலும் முடியாது என்றேன். அவருக்குக் கொடுப்பதற்கு எனக்குள் எதுவும் இல்லை, அண்ணா. பதினோரு வருடமும் நான் அன்பு என்று நினைத்து எடுத்துப் போட்டதெல்லாம் நீ சொல்லாமல் விட்ட சேதியிலிருந்து வந்தது. இப்போது உள்ளே கை விட்டுப் பார்த்தால் அடி தட்டுகிறது. அந்த மனிதரிடம் இதை எப்படிச் சொல்வது? சிரிக்கவும் இல்லை, பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

உன் வழியாக வந்தது என்று வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டாய். வைத்துப் பார்த்தேன். பிரார்த்தனைக் கூடத்தில் எல்லாரும் போன பிறகு தனியாக உட்கார்ந்து அந்த இரண்டு வரியைப் பாடிப் பார்த்தேன். முன்பெல்லாம் 'ஊர் உண்டு போகட்டும்' என்னும்போது நெஞ்சில் ஒரு சூடு வரும். இப்போது அந்த இடத்தில் டயர் ஒட்டுகிற கடை வருகிறது. அந்தப் பெண் துணி காயப்போடுகிறாள். கடவுளைக் கூப்பிட்டால் ஒற்றைச் சாக்ஸ் தெரிகிறது. புத்தகத்துக்கு நான்கு பக்கம் எழுதவில்லை, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். எழுத வைத்துவிட்டது ஒரு விஷயம். இதை உன்னைத் தவிர வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

போன வாரம் பதினெட்டாம் கட்டிலுக்கு ஒரு அம்மா வந்தார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ரிடையர் ஆனவர். ஈரல் போய்விட்டது. இன்னும் நான்கைந்து நாள் என்று எழுதித்தான் அனுப்பியிருந்தார்கள். ஒரே மகன், தூரத்தில் இருக்கிறான். தகவல் கொடுத்தாயிற்று. அந்த அம்மா காலை முதல் சாயங்காலம் வரை என்னைக் கேட்டது ஒன்றே ஒன்றுதான், அவன் எப்போது வருகிறான்.

திங்கட்கிழமை மகன் போன் செய்தான். நான்தான் எடுத்தேன். வரவில்லை என்றான். லீவு கிடைக்கவில்லையா என்று கேட்டேன். கிடைக்கும், ஆனால் வரவில்லை என்றான். அம்மாவுக்கும் அவனுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. குரலில் கோபம்கூட இல்லை. "காத்திருக்க வேணாம்னு நீங்களே பக்குவமாச் சொல்லிடுங்க சிஸ்டர்" என்றான். சரி என்று சொன்னேன்.

போனை வைத்துவிட்டுக் கட்டிலுக்குப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். உன் மேல் சத்தியமாக, வழியெல்லாம் உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன். நான் உன்னைப்போலச் செய்யமாட்டேன், முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவேன், அவர் அழுதால் நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுவேன், ஆனால் சொல்லிவிடுவேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு போனேன்.

அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார். "போன்ல அவனா?" என்றார். நாற்பது வருடம் போன் பேசிய காது, மணி அடித்ததிலேயே கண்டுபிடித்துவிட்டது போல. ஆமாம் என்றேன். என்ன சொன்னான் என்று கேட்டார். கண் அவ்வளவு பெரிதாக இருந்தது.

என் வாயிலிருந்து உன் பாட்டு வந்தது, அண்ணா.

இரண்டு வரியும் பாடினேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு அர்த்தம் சொன்னேன். பத்து வருடமாகச் சொல்லிவரும் அதே அர்த்தம், ஒரு வார்த்தை மாறாமல். நம்மிடம் வராதவர்கள் எங்கோ நன்றாக இருப்பார்கள், நாம் வைத்த அன்பு வீணாவதில்லை என்றெல்லாம். எனக்கு அதில் ஒன்றில்கூட நம்பிக்கை இல்லை. ஆனாலும் சொல்லும்போது குரல் நடுங்கவில்லை. அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. அப்பாடா, புரிந்துகொண்டார்கள், இனி நான் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேன். நினைத்த அந்த நிமிடமே நீ எப்படி இருந்திருப்பாய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அதனால் உன்னைத் திட்ட எனக்கு இனி வாய் இல்லை. மன்னித்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளாதே. அதுவும் வரவில்லை.

மறுநாள் நான் டியூட்டிக்கு வரும்போது அந்த அம்மா எழுந்து சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஆயாவிடம் சொல்லித் தலை வாரியிருந்தார், துவைத்த புடவை கட்டியிருந்தார். காலையில் கொடுத்த இரண்டு பிஸ்கட்டில் ஒன்றைத் தின்றுவிட்டு இன்னொன்றைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தார். எதற்கு என்று கேட்டேன். "வண்டியில வர்றவன், பசியோட வருவான்" என்றார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். இரண்டு தடவை வாயைத் திறந்தேன்.

மத்தியானம் களைப்பாக இருக்கிறது என்று படுத்தார். போர்வையை இழுத்துவிட்டேன். "கொஞ்சம் கண்ணசர்றேன். அவன் வந்தா எழுப்பிவிடும்மா" என்றார். எழுப்புகிறேன் என்று சொன்னேன்.

தங்கை